லெவல் ஏற்றிய தோட்டம்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மண் கொட்டுவது. சாலை போட வருகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புதியதைப் போட்டுவிட்டுப் போவார்கள். சாலை ஏறியதும் எதிர்வீட்டுக்காரர் தன் வாசலை ஓரடி ஏற்றுவார். அவர் வாசலில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். பக்கத்து வீட்டுக்காரர் விடுவாரா, அவர் ஒன்றரை அடி ஏற்றுவார். ஒரு மகானுபாவர் வீட்டுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார். தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. நம் வாசலை விட்டுப் போனால் சரி. கல்யாண வீட்டில் பார்த்தாலும் "எத்தனை அடி ஏத்தியிருக்கீங்க" என்றுதான் விசாரிப்பார்கள்.

இவர்களை நான் எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுவேன். இந்தக் கூட்டத்தில் வடிகட்டிய முட்டாள் நான்தான் என்பதால் எனக்கு அந்த உரிமை உண்டு. அவர்கள் வீட்டுக்கு மண் கொட்டினார்கள். நான் எலுமிச்சை மரத்துக்குக் கொட்டினேன்.

மரங்கள் என்னுடையவை இல்லை, அக்காவுடையவை. படப்பையைத் தாண்டி, ஒரகடம் போகிற சாலையிலிருந்து உள்ளே கொஞ்சம் நடந்தால் அவள் தோட்டம். அப்பா விட்டுப்போன நிலத்தில் என் பங்கை நான் எப்போதோ விற்றுத் தாம்பரத்தில் வீடு கட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அக்கா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். தன் பங்கில் முப்பத்தெட்டு எலுமிச்சை வைத்தாள். மாமா போய் ஆறு வருஷமாகிறது, பிள்ளைகளும் இல்லை. அந்த முப்பத்தெட்டு மரம்தான் அவளுக்குச் சோறு, துணி, மாத்திரை எல்லாம்.

வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் மூட்டையோடு தாம்பரம் மார்க்கெட்டுக்கு வருவாள். ஜூஸ் கடைக்காரர்கள் வாங்குவார்கள், ஊறுகாய் போடுகிறவர்கள் வாங்குவார்கள். அதைவிட அதிகம் வாங்குவது புது வண்டி எடுக்கிறவர்கள், சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க. தின்கிற பண்டத்தை டயருக்குக் கொடுக்கிற ஜனத்தைப் பற்றி நான் ஒருநாள் அவளிடம் பிரசங்கம் செய்தேன். "அவன் நசுக்கிட்டுப் போறான். உனக்கு இன்னாடா நோவுது?" என்று கேட்டுவிட்டு அடுத்த மூட்டையைக் கட்டப் போய்விட்டாள்.

கார்த்திகையில் விடாமல் மழை. தோட்டத்தின் தாழ்ந்த கோடியில் பத்து நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் அங்கே மூன்று மரங்களில் அடித்தண்டு வெடித்துப் பிசின் வடிந்துகொண்டிருந்தது. இலையில் நடு நரம்பு மட்டும் மஞ்சள். அக்கா போன் செய்தாள். நான் போய்ப் பார்த்தேன், பிசினைத் தொட்டேன், முகர்ந்தேன், அடியழுகல் என்றேன். மண்ணில் கிடக்கிற பூஞ்சைக்கு நின்ற தண்ணீர் என்றால் கொண்டாட்டம். தண்ணீரோடு வந்து அடிப்பட்டையில் ஏறிக்கொள்ளும், பிறகு வேரைத் தின்னும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றும் தெரியாதவன் செய்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

"கோடியில ஒரு காவா வெட்டி ஏரிப் பக்கமா உட்டுட்டா போதும்டா," என்றாள் அக்கா.

அவள் சொன்ன அந்த வடிகால்தான் வைத்தியம். மண்வெட்டியும் இரண்டு ஆளும் இருந்தால் ஒரு வாரத்தில் முடிந்துபோகிற வேலை. ஆனால் என் மண்டைக்குள் எங்கள் தெரு உட்கார்ந்திருந்தது. காவா வெட்டினால் அடுத்த மழையில் ஏரித் தண்ணீர் அதன் வழியாகவே திரும்பி உள்ளே வராதா என்று கேட்டேன். நிலத்தையே இரண்டடி ஏற்றிவிட்டால் தண்ணீர் ஏன் நிற்கப்போகிறது என்றும் கேட்டேன். கேட்கிற மாதிரி அறிவித்தேன் என்பதுதான் சரி. தோட்டத்தில் மண்வெட்டி வேலைக்கு வருகிற ஒருவர் அப்போது பக்கத்தில் நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அந்த மரங்களுக்குக் குழி எடுத்ததே அவர்தான். அவர் அக்கா முகத்தைப் பார்த்தார். அக்கா மரத்தைப் பார்த்தாள்.

"அவ்ளோ மண்ணு போட்டா அடி மூடிக்குமேடா," என்றாள்.

"மூடட்டுமே. இன்னும் நல்லா ஊனிக்கும். நீ சும்மா இரு அக்கா, இது சயின்ஸ்."

சயின்ஸாம். என் முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் அந்த வார்த்தையை நான் அவ்வளவு கேவலமாகப் பயன்படுத்தியதில்லை.

தை பிறந்ததும் லாரிகள் வந்தன. வண்டலூர் பக்கம் எங்கேயோ அடுக்குமாடி கட்ட ஆழமாகத் தோண்டிய மண். தண்ணீர் இறங்குகிற சவுடு மண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பாதி சாம்பல் நிறக் களி, மீதி செங்கல் உடைசல். ஜேசிபி ஓட்டி வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"சார், மரத்து அடிய உட்டுட்டு சுத்தி மட்டும் தள்ளட்டா?"

"அப்புறம் அந்தக் குழியில தண்ணி நிக்காதா? ஃபுல்லா லெவல் பண்ணுங்க. நான் சொல்றதை மட்டும் செய்ங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஏறிக்கொண்டார். இரண்டு நாளில் முப்பத்தெட்டு மரமும் முட்டளவு மண்ணுக்குள் நின்றன. பறிக்க ஏணி வேண்டாம், பழமெல்லாம் கைக்கு எட்டும் என்று அதையும் ஒரு சாதனையாக அக்காவிடம் சொன்னேன். போட்டோ எடுத்து ஓய்வு பெற்ற வாத்தியார்கள் குழுவுக்கு அனுப்பினேன். பன்னிரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். எலுமிச்சை மரத்தை ஊறுகாய் பாட்டிலில் மட்டுமே பார்த்த பன்னிரண்டு பேர்.

ஆனியில், எதிர்பாராத நேரத்தில், மரங்கள் பூத்தன. சாதாரணப் பூப்பு இல்லை, கிளைக்குக் கிளை கொத்துக்கொத்தாக வெள்ளை. நான் துள்ளிக் குதிக்காத குறை. அக்காவை இழுத்துக்கொண்டு போய் மரம் மரமாகக் காட்டினேன். மண்வெட்டிக்காரர் ஒரு கொத்தைப் பறித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். இலை குறைவாகவும் பூ அதிகமாகவும் இருந்ததை நானும் பார்த்தேன். பார்த்து, மரம் தன் சக்தியையெல்லாம் பூவில் வைக்கிறது என்று விளக்கமும் கொடுத்தேன். வேர் செத்துக்கொண்டிருக்கிற எலுமிச்சை கடைசியாக ஒருமுறை அப்படிப் பூக்கும். அது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்தவர்கள் என்னைச் சுற்றியே நின்றுகொண்டிருந்தார்கள்.

பூவெல்லாம் பிஞ்சாயிற்று, பிஞ்செல்லாம் சுண்டைக்காய் அளவில் மஞ்சளாகி உதிர்ந்தது. நுனிக் கொம்புகள் காய ஆரம்பித்தன. அக்கா மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்த மூட்டை பையாகியது, பை பிறகு கைப்பையாகியது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எதிரில் வந்தவளிடம் காபி சாப்பிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"மரம் போச்சுன்னா கம்பெனி கேன்டீன்ல ஆள் கேக்கறாங்களாம். பாத்திரம் கழுவ. சொல்லி வச்சிகீறேன்," என்றாள். அறுபத்திரண்டு வயது அவளுக்கு.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சூடு பிடித்தது. படப்பையில் ஒரு பூச்சிமருந்துக் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர்மேல் எனக்கு என்றைக்கும் மதிப்பு கிடையாது. தென்னைக்கு வந்தாலும் கத்தரிக்கு வந்தாலும் அவர் கை ஒரே அலமாரிக்குத்தான் போகும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இலை மஞ்சளாகி உதிருதா சார்? அடியில மண்ணு கிண்ணு ஏதாச்சும்..."

"மண்ணைப் பத்தி எனக்குத் தெரியும். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ குடுங்க. கலக்கறது எப்படின்னு நான் பசங்களுக்கே சொல்லிக்குடுத்தவன்."

அவர் எடுத்துக் கொடுத்தார். 

துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சை மருந்தான போர்டோ பசையை அந்த வட்டாரத்தில் என்னைவிடச் சுத்தமாக யாரும் கலக்கியிருக்க மாட்டார்கள். துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்தேன், சுண்ணாம்பை இன்னொன்றில் நீற்றி ஆறவைத்தேன், இரண்டையும் மூன்றாவது வாளியில் ஒரே நேரத்தில் ஊற்றினேன். இரும்புக் கத்தியை முக்கி எடுத்துப் பார்த்தேன். துத்தத்தின் செம்பு அதில் படியவில்லை, ஆகவே கலவை சரி. அன்று ஒரு மாணவன் இருந்திருந்தால் அவனுக்குப் பரீட்சையே வைத்திருப்பேன். பிறகு பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு மரமாக, மண்ணிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பூசினேன். முப்பத்தெட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நீல டிராயர் போட்டுக்கொண்டு நின்றன.

எந்த மண்ணிலிருந்து இரண்டடி? நான் கொட்டிய மண்ணிலிருந்து. நோய் இருந்தது அதற்குக் கீழே. அழுகுகிற பாகம் பூமிக்குள் கிடக்க, நான் மரத்தின் தொடைக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தேன். மண்வெட்டிக்காரர் வரப்பில் குந்தி உட்கார்ந்து கடைசி மரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுதுபோகாத ஆள் என்று மனதுக்குள் திட்டினேன்.

ஆவணியில் பத்து மரம் முழுக்கக் காய்ந்துவிட்டது. வெட்டி எடுத்து எரித்துவிடலாம், மற்றதற்குப் பரவாமல் இருக்கும் என்றேன். முதல் மரத்தை மண்வெட்டிக்காரர் தோண்டினார். இரண்டடி போனதும் நிறுத்திவிட்டு, "சார், இத வந்து பாருங்க," என்றார்.

குனிந்து பார்த்தேன். பழைய தரை இருந்த இடம் வரைக்கும் பட்டை கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. விரலால் தொட்டதும் ஈரத்துணி மாதிரி கழன்று வந்தது. புளித்த நாற்றம். கீழே வேர் இருக்க வேண்டிய இடத்தில் நூல்நூலாக ஏதோ இருந்தது, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வந்தது. மூச்சுவிட வேண்டிய கழுத்தைக் களிமண்ணில் புதைத்து, அதை எப்போதும் ஈரமாகவும் வைத்து, பூஞ்சைக்கு நானே பந்தல் போட்டு விருந்து வைத்திருக்கிறேன். இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதே ஒரு நிமிஷத்தைத் தை மாதம் ஒதுக்கியிருந்தால் போதும்.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் மண்வெட்டியில் ஒட்டிய களியைக் காலால் வழித்தார். "மண்ணு ஏறினா எலுமிச்ச நிக்காது சார்."

"அப்போ ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலியே சார்."

அன்று எனக்குக் கோபம் அவர்மேல்தான் வந்தது. சொல்லாமல் வேடிக்கை பார்த்த ஆள் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பொருமினேன். அழுகிய மூளை என்றால் அப்படித்தான் வேலை செய்யும்.

மிச்சம் இருபத்தெட்டு மரம். ஐப்பசி மழைக்கு முன் அத்தனைக்கும் அடியைத் திறந்தாக வேண்டும். ஜேசிபியை உள்ளே விட்டால் இருக்கிற வேரையும் அறுத்துவிடும், ஆகவே கையால்தான். மரத்தைச் சுற்றி மண்ணை அகலமாக எடுத்து, அழுகிய பட்டையைக் கத்தியால் சுரண்டி, பச்சை தெரிகிற வரைக்கும் போய், அங்கே பசை பூச வேண்டும். பிறகு கெட்ட பூஞ்சையைத் தின்கிற நல்ல பூஞ்சைப் பொடியை மக்கிய எருவிலும் வேப்பம்புண்ணாக்கிலும் கலந்து வேருக்கு வைக்க வேண்டும். அதோடு முடியவில்லை. தோண்டிய பள்ளங்கள் மழை பெய்தால் கிணறாகிவிடும். ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். காவா வெட்டாமல் தப்பிக்கத்தான் அத்தனை லாரி மண் கொட்டினேன். இப்போது இருபத்தெட்டு காவா வெட்ட வேண்டியிருந்தது.

பொடி வாங்கப் படப்பைக் கடைக்கு மறுபடியும் போனேன். மண் கொட்டிய கதையை நானே சொன்னேன். கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டியபடியே, "அன்னிக்கே கேட்டேன் சார். நீங்க பேச உடல," என்றார். அவர் குரலில் கேலி எதுவும் இல்லை. கேலி செய்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

தினமும் காலை முதல் பஸ்ஸில் போய்விடுவேன். நானும் அக்காவும் மண்வெட்டிக்காரரும் தோண்டினோம். அவர்கள் இருவரும் பேசுவதில்லை. நான் மட்டும்தான் பேசுவேன், இங்கே வெட்டுங்க, இவ்வளவு ஆழம் போதும், கத்தியைச் சாய்த்துப் பிடிங்க என்று. இத்தனைக்குப் பிறகும் உத்தரவு போடுவதற்கு என் வாய் கூசவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் பன்னிரண்டு மரத்தின் அடியைத் திறந்தோம். அதில் ஏழில் பட்டை பாதிச் சுற்றாவது பச்சையாக இருந்தது. அக்கா அந்த ஏழையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு மத்தியானம். மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. பதின்மூன்றாவது மரத்தின் பள்ளத்திலிருந்து தண்ணீர் போக வழியை நான் நேராகத் தெற்கே கயிறு பிடித்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். மண்வெட்டிக்காரர் கோட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு நான் சொன்ன இடத்திலேயே வெட்ட ஆரம்பித்தார். பள்ளத்துக்குள் உட்கார்ந்து பட்டை சுரண்டிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நாளைலேந்து நீ வராதடா."

எனக்கு முதலில் புரியவில்லை. "இன்னும் பதினஞ்சு மரம் இருக்கே அக்கா," என்றேன்.

"கீது. நாங்க பாத்துக்கறோம்."

"ரெண்டு பேரால மழைக்குள்ள முடியாதுக்கா."

"முடியும். நீ இல்லன்னா முடியும்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். "நீ தெக்க வெட்டச் சொல்ற. தெக்க மேடு. அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்சிகினே அவர் வெட்டிகினு கீறாரு. நீ வந்து நின்னா எவனும் வாயத் தொறக்க மாட்டேன்றான்டா. நானே தொறக்க மாட்டேன்றேன்."

"நீ சொல்லியிருக்கலாமேக்கா. ஆரம்பத்திலயே."

"சொன்னேனே. அடி மூடிக்கும்னேன். நீ என்ன ஒரு பார்வ பாத்த." அவள் கையிலிருந்த பிசினை முந்தானையில் துடைத்தாள். "லாரி வந்து நின்னப்பவே தெரியும்டா எனக்கு, இதுங்க போய்டும்னு. திரும்பச் சொன்னா திரும்ப அப்படிப் பாப்ப. அதுக்கு மரம் போனா போவட்டும்னு உட்டுட்டேன். என் புத்திய செருப்பால அடிக்கணும். இப்ப எனக்கு மரம் வேணும்."

நான் மண்வெட்டிக்காரரைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்தார்.  ஒரு விளக்கம் வாய்வரைக்கும் வந்தது, அதை விழுங்கினேன். கை கழுவிக்கொண்டு சட்டையை மாட்டினேன். "பொழச்சா போன் பண்றேன்," என்றாள் அக்கா. அதற்குள் கத்தியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் குனிந்துவிட்டாள்.

வேலிப் படலைத் திறந்து வெளியே வந்தேன். பத்தடி போவதற்குள் பின்னால் அவர் குரல் கேட்டது. "எக்கா, கெழக்கால சாச்சி ஒரே காவாயா எடுத்துடலாம்க்கா. ஏழு மரத்துத் தண்ணியும் அதுலயே போய்டும். மேலாக்க கீற களிய மொதல்ல வாரி வெளிய போட்டுடணும்." அக்கா ஏதோ கேட்டாள். அவர் அதற்கும் பதில் சொன்னார், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஒன்பது வருஷமாக அந்தத் தோட்டத்துக்குப் போய்வருகிறேன், அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. படப்பை பஸ் வருகிற சத்தம் கேட்டது. நிற்காமல் நடந்தேன், நான் நின்றுவிட்டேன் என்று தெரிந்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார்.